தடைக்காலத்தில் படகுக்கு வயர்லெஸ், டிவி, பாட்டுப்பெட்டி: கேட்டதும் சொன்னதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிக் கிடக்கும், தச்சருக்கும் பெயின்டருக்கும் என்னைப் போன்ற எலக்ட்ரீஷியனுக்கும்தான் அப்போது தூக்கம் இருக்காது. போன வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மண்டபம்: கொச்சியில் 38 அடி மோட்டார் யாட் (உல்லாசப் படகு) ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். உள்ளே ஸ்டீரியோ, வயர்லெஸ் எல்லாம் பழசு. டிவி, நல்ல ஸ்பீக்கர், புது விஎச்எஃப் செட் (படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ்) எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட நினைக்கிறோம். எதில் தொடங்கலாம்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். சுவிட்ச் பேனலைக் கழற்றி, ஏதாவது ஒரு வயரின் நுனியை ஒரு விரல் நீளம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் சரி. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உப்பு உள்ளே ஏறிவிட்டது. அந்த வயரில் எத்தனை விலை செட்டை மாட்டினாலும் வீண்தான்.

அடுத்தது வயரின் தடிமன். 25 வாட் விஎச்எஃப் செட், பேசும்போது 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து செட் வரை 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். வீட்டுக்குப் போடும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்தால் வழியிலேயே 0.8 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயர் என்றால் 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். கேட்கும்போது செட் நன்றாக வேலை செய்து, மைக்கை அழுத்தியதும் அணைந்து போகிறதென்றால், பத்தில் எட்டு முறை காரணம் இதுதான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள், விலை கூடத்தான். டிவி வாங்க வைத்திருக்கும் பணத்தில் பாதி வயருக்குப் போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

டிவி 12 வோல்ட்டில் நேராக ஓடுவதாகப் பாருங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி, டிவிக்குள் அதை மறுபடி இறக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

ராமேஸ்வரம், விசைப்படகு: அண்ணே, எங்கள் படகில் 24 வோல்ட், இரண்டு பேட்டரி. டிரைவர் ஒரு பேட்டரியில் மட்டும் வயர் எடுத்து பாட்டுப்பெட்டிக்குக் கொடுத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு பேட்டரி போகிறது. கம்பெனி சரியில்லையா?

பேட்டரி மேல் குற்றமில்லை தம்பி. இரண்டும் சீரீஸில், ஒன்றின் பிளஸ் அடுத்ததின் மைனஸோடு, இணைந்திருக்கின்றன; சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே சார்ஜைத்தான் அனுப்பும். பாட்டுப்பெட்டி ஒன்றை மட்டும் உறிஞ்சுவதால் அது எப்போதும் அரைவயிறு, மற்றது அளவுக்கு மேல் கொதித்துத் தண்ணீர் வற்றும். ஒன்று பட்டினியில் சாகும், இன்னொன்று அஜீரணத்தில். 24-லிருந்து 12-க்கு இறக்கும் டிசி கன்வெர்ட்டரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்டி, அதிலிருந்து பாட்டுப்பெட்டிக்குக் கொடுங்கள். பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போடவும் மறக்காதீர்கள்.

தங்கச்சிமடம்: 25 வாட் என்று சொல்லித்தான் விற்றார்கள். எட்டு மைலுக்கு மேல் பக்கத்துப் படகுக்குக் கேட்கவில்லை.

வாட்டை நம்பாதீர்கள், உயரத்தைப் பாருங்கள். விஎச்எஃப் ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, கடலின் வளைவைத் தாண்டி அதிகம் இறங்காது. இரண்டு படகிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் 16 கிலோமீட்டர் வரும், அதாவது 9 நாட்டிக்கல் மைல். உங்களுடையதை மட்டும் 9 மீட்டருக்கு ஏற்றினால் 11 மைல் ஆகும்.

செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளையும் பாருங்கள். மெல்லிசான ஆர்ஜி 58 பத்து மீட்டர் போட்டால், 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது சுமார் 16 தான். தடித்த ஆர்ஜி 213 என்றால் 20 தேறும். மேலே இருக்கும் கனெக்டரில் தண்ணீர் இறங்கினால் அதுவும் கிடையாது. தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள்.

இன்னொன்று: 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும். கூப்பிட்டபின் வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளுங்கள். மீன் விலையையும் மருமகன் கதையையும் அங்கே பேசுகிறவர்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

கீழக்கரை: வீட்டு டிஷ்ஷைப் படகில் வைக்கலாமா?

வைக்கலாம், படகு அசையாமல் நின்றால். கட்டியிருக்கும்போதே ஆடும், டிஷ் கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்விடும். தானாகத் திரும்பிக்கொள்ளும் கோள வடிவ டிஷ் லட்சக்கணக்கில் விலை. பென் டிரைவில் படம் ஏற்றிக்கொண்டு போங்கள் காக்கா.

பாம்பன்: ஸ்பீக்கரை வீல் பக்கத்தில் வைத்தால்தான் பாட்டு கேட்கிறது. தப்பா?

தப்புதான். போன தடைக்காலத்தில் ஒரு படகில் 'காம்பஸ் கெட்டுப் போச்சு, மாற்று' என்றார்கள். பெரிய ஸ்பீக்கர் காம்பஸிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. ஸ்பீக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன், ஊசி கண்முன்னாலேயே திரும்பி வந்தது. ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம்தானே. நம் கடலில் எல்லைக்கோடு எவ்வளவு பக்கம் என்று பாம்பன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிபிஎஸ் அணைந்த ராத்திரியில் அந்தக் காம்பஸை நம்பித்தான் திரும்ப வேண்டும். குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், அப்புறமும் ஊசி அசைகிறதா என்று பாருங்கள்.

தொண்டி: மச்சான் துபாயிலிருந்து சேட்டிலைட் போன் கொண்டு வருகிறேன் என்கிறார்.

வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். அரசு அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். துரயா, இரிடியம் கம்பெனி போன்கள் இரண்டும் இங்கே அனுமதிக்கப்படாதவை. ஏர்போர்ட்டிலேயே சிக்கல் வரும். விசைப்படகுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் அரசு கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. ஆபத்தென்று சேட்டிலைட் வழியாகச் சொல்லும் புதுவகை 'டேட்' கருவி, ஆபத்துச் செய்தி போய்ச் சேர்ந்ததென்று திரும்பப் பதிலும் தரும். கரையில் இருப்பவர்களின் போனில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் ஏற்றி வையுங்கள்.

தனுஷ்கோடி: போன் இலங்கை டவரைப் பிடித்து ரோமிங்கில் காசு போகிறது.

செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடாமல் கையால் தேர்ந்தெடுங்கள், டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். பாட்டுக்கு எதற்கு டேட்டா? பாம்பனின் கடல் ஓசை 90.4 எஃப்எம் இருக்கிறதே.

மூக்கையூர்: புது எல்இடி விளக்கு போட்ட பிறகு வயர்லெஸ்ஸில் ஒரே இரைச்சல்.

மலிவான எல்இடியின் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்தான் இரைகிறது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு செட்டில் ஸ்கெல்ச் என்ற, இரைச்சலை அடக்கும் திருகைத் திருப்பி, இரைச்சல் சரியாக நிற்கும் இடத்தில் வையுங்கள். பிறகு விளக்கை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் திரும்புகிறதோ, அதைக் கழற்றி வீட்டு வாசலில் மாட்டிவிடுங்கள்.