சர்க்கரைக்கே இவ்வளவு செலவு, மனச்சோர்வுக்கும் வைத்தியமா?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. ஐந்தாறு மாதமாக யாரோடும் பேசுவதில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். விடிகாலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் எழுந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழிப்பவர், இப்போது அதையும் விட்டுவிட்டார். தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. கேட்டால், "போகிற காலத்தில் எனக்கு எதற்கு மருந்து?" என்கிறார். மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்கிறாள் என் மனைவி. சர்க்கரை வைத்தியத்துக்கே சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடுகிறது. வயதானால் எல்லாரும் இப்படித்தானே ஆவார்கள்? இதற்கும் செலவழிப்பதில் பயன் உண்டா?
- ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: அன்புத் தம்பி, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. "போகிற காலத்தில்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரைகளும் பூச்சிமருந்தும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

வயதானால் எல்லாரும் இப்படி ஆவதில்லை. 2017-18இல் இந்திய முதியோரிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், 60 வயது கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. மற்றவர்களுக்கும்தான் வயதாகியிருந்தது. தமக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்றவர்கள் 0.8 சதவீதம் மட்டுமே. மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே "வயதாகிவிட்டது" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறோம். எனக்கு ஆறாத வருத்தம் அது.

பணத்தைப் பற்றிக் கேட்டதற்குக் கூச்சப்படாதீர்கள். குடும்பம் நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. தலையணைக்கு அடியில் கிடந்த அட்டைகளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியவை, வயிற்றுக்குள் போகவில்லை. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையில் அளவு ஏறியிருக்கும். அப்பா மாத்திரை விழுங்கவில்லை என்பது தெரியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார், அல்லது இன்சுலின் எழுதுவார். செலவு கூடும். ஒருநாள் யாராவது வற்புறுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழுவார். மனச்சோர்வுக்கான செலவை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள், தம்பி. சர்க்கரைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த, மனச்சோர்வு உள்ள 1,801 பேரை வைத்து இம்பாக்ட் என்ற ஆய்வு நடந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் தந்தையைப் போலவே நாள்பட்ட நோய்களும் இருந்தன. பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலேயே ஒரு செவிலியரோ உளவியலாளரோ அவர்களைத் தொடர்ந்து விசாரித்தார்: மாத்திரை சாப்பிட்டீர்களா, தூக்கம் எப்படி, இந்த வாரம் எங்கே போனீர்கள். மேலே ஒரு மனநல மருத்துவர் ஆலோசனை சொன்னார். ஓராண்டில் 45 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் அது 19 சதவீதம். இந்தக் கூடுதல் கவனிப்புக்கு ஒருவருக்கு 522 டாலர் ஆனது. ஒரு பகுதியினரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, கவனிப்புப் பெற்றவர்களின் மொத்த மருத்துவச் செலவு சராசரியாக 3,363 டாலர் குறைவாக இருந்தது. அந்த ஊர் விலைவாசி வேறு என்பதை மறக்க வேண்டாம். முதல் வருடத்திலேயே மிச்சம் தெரியும் என்றும் நான் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் செலவு சற்றுக் கூடத்தான் செய்யும்.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் 404 பேரிடம் இதே முறையைச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் உங்கள் தந்தையைவிட இளையவர்கள். மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் 71.6 சதவீதம். இந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 57.4.

இனி செலவைக் குறைக்கும் வழி. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். முதல் தடவையே இரத்தத்தில் தைராய்டு, பி12 வைட்டமின், சோடியம் என்ற உப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம்; அந்தக் குறைவும் மனச்சோர்வு போலவே ஆளை முடக்கும். மனச்சோர்வு மருந்து முதியவர்களுக்குச் சில சமயம் சோடியத்தைக் குறைத்துவிடும், இரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் கவனம் வேண்டும். அதனால் தொடங்கிய சில வாரங்களில் சோடியத்தை மறுபடியும் பாருங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். பத்தாம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்தினால் அதுவரை ஆன செலவு வீண். தேறியதும் நீங்களாக நிறுத்துவதும் கூடாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். விலை குறைவுதான். இரவில் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த அறுவை சிகிச்சையின் செலவைக் கேட்டுப் பாருங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அடுத்த முறை வரும்போது அப்பாவிடம் நாலு வார்த்தை பேசட்டும்.

அவரை மனநல மருத்துவரிடம் வரச் சொல்வதுதான் கடினம் என்று தெரியும். பொய் சொல்லி ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். அவர் கணக்கு எழுதியவர். மாத்திரை அட்டைகளையும் சர்க்கரை நோட்டையும் அவர் முன்னால் வைத்து, "அப்பா, கணக்கு எங்கோ உதைக்கிறது, டாக்டரிடம் போய்ச் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்த அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.