ஆல்பத்தைப் பிரிப்பதற்கு முன் பெரியவரைப் பாருங்கள்

ஊரின் பழைய படங்கள் ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் சிக்கியிருக்கின்றன, அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல 90 வயதான ஒரே பெரியவர்தான் இருக்கிறார், எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவரைத்தான். படங்கள் இன்னும் சில மாதம் தாங்கும். அவரைப் பார்ப்பதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆல்பத்தை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். "அந்தக் காலத்தில் ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் வரும். ஒரு படத்தைக் காட்டி, "இடது ஓரத்தில் நிற்பவர் யார்? பின்னால் தெரியும் சுவர் எந்தக் கட்டடம்?" என்று கேளுங்கள், பேச்சு தானாகக் கிளம்பும். அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, ஒலிப்பதிவில் அந்த எண்ணை உரக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்தக் கதை எந்தப் படத்துக்கு என்பதே பிறகு தெரியாமல் போய்விடும். பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதற்கு அவருடைய சம்மதத்தையும் அதிலேயே பெற்றுவிடுங்கள்.

படங்களைப் பிய்த்து எடுக்க வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெல்ல இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும். வராததைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) நுணுக்கத்தில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக. லாமினேஷன் செய்யச் சொல்பவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கோப்புகளை மூன்று பிரதிகளாக வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.