ஊட்டியும் ஏன் இளைக்கிறார்?

கேள்வி: மாமனாருக்கு 68 வயது, நுரையீரலில் புற்றுநோய், கோவையில் பார்க்கிறோம். நான்கு மாதத்தில் 62 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டார், தோளும் தொடையும் வற்றி எலும்பு தெரிகிறது. அத்தை அழுதுகொண்டே ஊட்டுகிறார், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வருகிறவர்களோ "சோறு போடுறீங்களா இல்லையா?" என்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, கேரளம்

பதில்: நீங்கள் எங்கேயும் தவறவில்லை. முதலில் இதை அத்தையிடம் சொல்லுங்கள்.

பட்டினி கிடந்தவருக்குப் பெரும்பாலும் கொழுப்புதான் கரையும், சோறு கிடைத்ததும் உடம்பு தேறிவிடும். இவருக்கு நடப்பது வேறு. கட்டியும் அதோடு மல்லுக்கட்டுகிற உடம்பும் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் தசையையே உடைக்கின்றன, மூளைக்குப் போய்ப் பசியையும் அடக்குகின்றன. சாப்பிடாததால் இளைக்கிறார் என்று ஊர் நினைக்கிறது, ஆனால் இளைக்கவைக்கிற நோய்தான் அவரைச் சாப்பிடவும் விடுவதில்லை. கேக்கெக்சியா என்பார்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தாலே அந்தக் கணக்குதான், இவருக்கு 13 சதவீதம் போயிருக்கிறது. சாப்பாட்டைக் கூட்டி மட்டும் இதை முழுதாக மீட்க முடியாது.

சரி, செய்யக்கூடியது இருக்கிறது. வாய்ப்புண், குமட்டல், வலி, மலச்சிக்கல் உண்டா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் என்றால் மலச்சிக்கலை அவசியம் கேளுங்கள், அது சரியானாலே சிலர் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவார்கள். மூன்று வேளைத் தட்டை விட்டுவிட்டு, ரெண்டு மணிக்கொரு தரம் சின்னக் கிண்ணத்தில் முட்டையோ கெட்டித் தயிரோ நெய் விட்ட பருப்புச் சோறோ, எது பிடிக்கிறதோ அது. தாளிக்கிற வாசமே சிலருக்குக் குமட்டும், ஆறவைத்துக் கொடுங்கள். தெம்பிருக்கும்போது வாசல்வரை நடக்கட்டும், படுத்தே கிடந்தால் தசை இன்னும் வேகமாகப் போகும். பசிக்கென்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். சில வாரம் பசி வரும், நாள்பட்டால் அதுவே தசையைக் கரைக்கும்.

திணிக்க மட்டும் வேண்டாம், புரையேறினால் ஆபத்து.

அப்புறம், கோவையில் பார்த்தாலும் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் 'பாலியேட்டிவ்' (நோயின் வேதனையைத் தணிக்கும் கவனிப்பு) என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். 2008இலேயே இதற்குத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம், ஊராட்சி வழியாக நர்ஸ் வீட்டுக்கே வருவார். அவர் வரும் நாளில் அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து, இளைப்பதற்குக் காரணம் நோய்தான் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.