அம்மாவை விசிறி விமானத்தில் சென்னைக்குக் கூட்டிப் போகலாமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “74 வயது அம்மாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். ராத்திரி ரயிலில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை, கால் வீங்கிவிடுகிறது. திருச்சியிலிருந்து போகும் விசிறி விமானத்தை நம்பலாமா? சின்ன கம்பெனிகள் திடீரென்று மூடிவிடுகின்றனவே, டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கலாமா? தஞ்சாவூருக்கே விமானம் வராதா?”

இறக்கையில் சுற்றும் விசிறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தத் தூரத்துக்கு ஓட்டப்படும் ஏடிஆர் 72 விமானத்தில் இருப்பதும் ஜெட்டில் உள்ளது போன்ற டர்பைன் என்ஜின்தான், அதன் சக்தி விசிறியைச் சுற்றுகிறது. ஒரு என்ஜின் நின்றாலும் மற்றதை வைத்துப் பறந்து இறங்க முடிந்தால்தான் சான்றிதழே கிடைக்கும். பெரிய ஜெட்டைவிடத் தாழ்வாக, 20,000 அடியை ஒட்டிப் பறப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் கொஞ்சம் குலுங்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விமானக் கம்பெனிக்கும் இது லாபம்தான், குறுகிய தூரத்தில் ஜெட்டைவிட எரிபொருள் நன்றாகவே மிச்சம். அதோடு 40 டன்னுக்குக் குறைவான விமானங்களுக்கு எரிபொருள் வரியில் சலுகை உண்டு, 80-க்குக் குறைவான இருக்கை என்றால் உள்நாட்டில் இறங்கு கட்டணமும் கிடையாது. இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள் இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவு சலுகை இருந்தும் ஏன் மூடுகிறார்கள்? உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான். 1981-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்கிய வாயுதூத், சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கும் நெய்வேலிக்கும்கூடச் சின்ன விமானம் விட்டது. போதிய ஆள் ஏறாமல் அது நின்றுபோனது, கம்பெனியே 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. அப்புறம் பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-ல் வந்து அடுத்த ஆண்டே நின்றது, கோவையின் ஏர் கார்னிவல் 2016-ல் தொடங்கி 2017-ல் முடிந்தது, சேலத்துக்குப் பறந்த ட்ரூஜெட் 2022-ல் ஓய்ந்தது. சின்ன கம்பெனியிடம் இருப்பது இரண்டோ மூன்றோ வாடகை விமானம், ஒன்று பழுதாகி நின்றால் வருமானத்தில் மூன்றில் ஒன்றோ பாதியோ போய்விடும், ஆனால் வாடகையும் பைலட் சம்பளமும் நிற்காது, பாக்கி விழுந்தால் உரிமையாளர் விமானத்தையே திரும்பக் கேட்பார். சின்ன ஊர்களுக்கு விமானம் விட அரசு கொண்டுவந்த உடான் திட்டத்து வழித்தடம் என்றால் அரசு மானியம் மூன்று ஆண்டுக்குத்தான், அதற்குப் பிறகும் ஓடுமா என்பது ஏறும் ஆட்களைப் பொறுத்தது.

அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அந்தக் கம்பெனியிடம் எத்தனை விமானம் ஓடுகிறது என்று பாருங்கள். நாலைந்துதான் என்றால் சலுகை விலைக்கு ஆசைப்பட்டு ஆறு மாதத்துக்கு முன்பே பணம் கட்டாதீர்கள், இரண்டு மூன்று வாரம் முன்பு எடுத்தால் போதும். காலை விமானமாகப் பாருங்கள். ஒரே விமானம் ஒரு நாளில் ஆறேழு முறை ஏறி இறங்குகிறது, காலையில் எங்கோ அரை மணி தாமதமானால் சாயங்காலத்துக்குள் அது இரண்டு மணி நேரமாக வளர்ந்துவிடும். மருத்துவரிடம் மறுநாளைக்கு நேரம் வாங்குங்கள், அன்றைக்கே வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஏடிஆரில் ஏறுவது பின்கதவு வழியாக, முன்பக்கம் சாமான் அறை. முன்வரிசை வசதி என்று நினைத்து எடுத்தால் அம்மா நீளமாக நடக்க வேண்டும், விசிறிச் சத்தமும் முன்பாதியில்தான் அதிகம். கடைசி வரிசைகளில் இடம் கேளுங்கள், கழிப்பறையும் பெரும்பாலும் அங்கேதான். சக்கர நாற்காலி தேவை என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். படி ஏற முடியாது என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் ஓடுபாதை விமானப் படையுடையது. 2020-லிருந்து அங்கே சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. பயணிகள் விமானம் வர வேண்டுமானால் தனி முனையம் வேண்டும், படை நேரம் ஒதுக்க வேண்டும், தினமும் ஆளும் ஏற வேண்டும். டெல்டாவுக்கு அது வந்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் அடுத்த பரிசோதனைக்குத் திருச்சியையே வைத்துக்கொள்ளுங்கள். வல்லம், துவாக்குடி வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ நீங்கள் கேட்டு வாங்கலாம். புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து செய்து, காரணம் வானிலை போன்றதாக இல்லாவிட்டால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் இழப்பீடும் உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை. இதற்கு டிக்கெட்டில் உங்கள் சொந்தக் கைபேசி எண் இருக்க வேண்டும், ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருந்தால் ரத்துச் செய்தி அவருக்குத்தான் போகும்.