ஏற்காட்டு நண்பருக்குப் பழைய ஆர்பிஜி: எதை வாங்கலாம்?

கேள்வி: சேலம் சூரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். நானும் என் நண்பனும் ப்ளஸ் டூ வரை ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளி விட்டதும் அவன் வீட்டு பிஎஸ் டூ (பிளேஸ்டேஷன் 2) கேம் பெட்டி முன்னால்தான் கிடப்போம். நான் கிரிக்கெட், கார் ரேஸ் ஆள். அவன் மட்டும் 'ஃபைனல் ஃபேண்டஸி டென்' என்ற ஆர்பிஜியை, அதாவது கதை ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பான். பாதியில் மெமரி கார்டு போய்விட்டது, பரீட்சையும் வந்துவிட்டது. இப்போது ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறான். அடுத்த மாதம் அவனுக்கு 35 வயது. அந்த மாதிரி பழைய ஆட்டம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க ஆசை. 3,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். பழைய பிஎஸ் டூ பரணில் இருக்கிறதாம், ஒரு லேப்டாப்பும் வைத்திருக்கிறான். 'தலைசிறந்த ஆர்பிஜி 50' மாதிரி பட்டியல்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

பதில்: பட்டியல்களை மூடி வையுங்கள். பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் நண்பர் ஒரு ஆட்டத்தைப் பாதியில் விட்டிருக்கிறார். பதினேழு பதினெட்டு வருடமாக அதன் முடிவு தெரியாமல் இருக்கிறார். அதைவிட உசத்தியானது என்று வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். ஆகவே ஃபைனல் ஃபேண்டஸி டென்தான். எந்த வடிவில் வாங்குவது என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பிஎஸ் டூ வழியைப் பார்ப்போம். இந்த ஆட்டம் ஜப்பானில் 2001 ஜூலையில் பிஎஸ் டூவுக்கு வந்தது. அந்த வரிசையில் பாத்திரங்கள் வாய் திறந்து பேசிய முதல் ஆட்டம் இதுதான். பழைய ஒரிஜினல் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டிஸ்க் ஓட வேண்டுமே.

பிஎஸ் டூ காலத்தில் உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கு முறையாக வந்த பெட்டிகள் 'பால்' மண்டலம், அதாவது ஐரோப்பாவோடு சேர்ந்தவை. அமெரிக்க டிஸ்க்கையோ ஜப்பான் டிஸ்க்கையோ அதில் போட்டால் எடுக்காது. நம்மூரில் அன்றைக்கு விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மண்டலப் பூட்டை மீறச் சிப் போட்டிருப்பார்கள், அப்படிப்பட்டதில் எல்லாம் ஓடும். பரணில் இருப்பது சிப் போட்டதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜப்பான் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்றும் கை வைக்காதீர்கள். இது முழுக்க முழுக்க படித்துப் படித்து நகர வேண்டிய ஆட்டம். எழுத்து புரியாமல் ஒரு ஊரைத் தாண்ட முடியாது. ஐரோப்பிய டிஸ்க்கிலும் ஒரு குறை உண்டு: படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, கொஞ்சம் மந்தமாக ஓடும். சின்ன வயதில் அது நம் கண்ணில் படவில்லை. இப்போது படும்.

டிஸ்க் ஒரிஜினல்தானா என்று பார்க்க ஒரு வழி: டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பிப் பாருங்கள். பிஎஸ் ஒன் டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பு. பிஎஸ் டூவில் சிடியாக வந்தவை நீலம், டிவிடியாக வந்தவை வெள்ளி. ஃபைனல் ஃபேண்டஸி டென் டிவிடி, அதனால் பளிச்சென்று வெள்ளியாக இருக்க வேண்டும். லேசாக ஊதா அடித்தால் யாரோ வீட்டில் எழுதிய காப்பி. அட்டை அழகாக அச்சடித்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அட்டையும் இங்கேயே அச்சாகும்.

அடுத்தது லென்ஸ். மலைக்கு மேலிருந்து பழுது பார்க்க என்னிடம் பெட்டி கொண்டு வருபவர்கள் அநேகமாக ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "அண்ணா, படம் ஓடுது, கேம் ஓடல." பிஎஸ் டூ சிடியைப் படிக்க ஒரு லேசரும், டிவிடியைப் படிக்க இன்னொரு லேசரும் வைத்திருக்கிறது. ஒன்று போய் மற்றொன்று உயிரோடு இருக்கலாம். படம் ஓடுவதை வைத்துப் பெட்டி நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஏற்காடு கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அப்படி ஒரு ஊரில், பரணில், பல வருடம் கிடந்த பெட்டி. நான் திறந்து பார்த்தவற்றில் லென்ஸ் மேல் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல் இருக்கும். துடைத்தால் சிலது பிழைக்கும், சிலது பிழைக்காது. கையேட்டுப் புத்தகம் இருந்தால் அதன் ஓரத்தில் பூஞ்சை பூத்திருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் டிவி இருக்கிறது. பிஎஸ் டூவோடு வந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைச் செருக இப்போதைய பல டிவிகளில் துளையே கிடையாது. கன்வர்ட்டர் வாங்க வேண்டும். மலிவான கன்வர்ட்டரில் எழுத்தெல்லாம் கரைந்து தெரியும். கதை படிக்கிற ஆட்டத்துக்கு அது பெரிய இம்சை.

கடைசியாகக் கரண்ட். என் யோசனையை மாற்றியது இதுதான். பழைய ஆர்பிஜிகள் பலவற்றில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. டென்னில் அங்கங்கே மிதக்கும் ஒளிப்பந்தைத் தொட்டால்தான் சேவ் ஆகும். 'டிராகன் குவெஸ்ட்' எட்டு என்ற இன்னொரு ஆர்பிஜியில் தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் பேச வேண்டும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் நெடுநேரம் போய்விடுவதும் உண்டு. டென்னில் ககஸெட் என்று ஒரு பனிமலை வரும். அதில் ஏறும்போது சீமோர் என்பவன் வழிமறிப்பான். சண்டைக்கு முன்னால் நீளமாக ஒரு பேச்சு, அதைத் தள்ளிவிட்டுப் போக வழியில்லை. சண்டையும் கடினம், முதல் தடவையில் ஜெயித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாலாவது முயற்சியில் அவன் உயிர் கொஞ்சம்தான் பாக்கி என்று இருக்கும்போது, மழைக் காற்றில் எங்கோ ஒரு சில்வர் ஓக் கிளை ஒயர் மேல் சாய்ந்து கரண்ட் போனால்? மறுபடி அந்தப் பேச்சு முழுவதையும் கேட்க வேண்டும். எஸ்டேட் பக்கம் மின்சாரம் எப்படி என்று உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

ஆகவே என் யோசனை: லேப்டாப். டென்னும், அதன் தொடர்ச்சியான டென்-டூவும் சேர்ந்து, படத்தைக் கூர்மையாக்கிய ஹெச்டி ரீமாஸ்டராக 2013-இல் பிஎஸ் த்ரீக்கு வந்தன. அதுவே 2016 மே மாதம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வழியாகக் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பெரிய கேமிங் லேப்டாப் எல்லாம் தேவையில்லை. விண்டோஸ் ஓடுகிற, ரொம்பக் கிழடு தட்டாத எதிலும் போகும். கம்ப்யூட்டர் பதிப்பில் தானாகவே சேவ் ஆகும் வசதி இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வழியில் அடிக்கொரு தரம் வந்து மறிக்கும் சில்லறைச் சண்டைகளை நிறுத்தி வைக்கலாம். சிலர் இதையெல்லாம் ஏமாற்று வேலை என்பார்கள். பதினேழு வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கதை மட்டும் முடிக்கவே நாற்பது, ஐம்பது மணி நேரம் பிடிக்கும் ஆட்டம் இது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிறவருக்கு ராத்திரியில் கிடைப்பது ஒரு மணி நேரம். முன்பு பார்த்த பாதியை விரட்டிக்கொண்டு கடந்துவிட்டு, பார்க்காத பாதியில் நிதானமாக நடக்கட்டும்.

இன்னொரு சௌகரியம்: டென்னின் சண்டை முறைவைத்து நடப்பது. உங்கள் முறை வந்தால் நீங்கள் பட்டனைத் தட்டும்வரை எதிரி அப்படியே நிற்பான். நடுவில் போன் வந்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும் ஒன்றும் குடி முழுகாது.

கொடுக்கிற விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீமில் பரிசாக அனுப்ப, இருவருக்கும் கணக்கு இருக்க வேண்டும், ஒருவர் பட்டியலில் மற்றவர் நண்பராக இருக்க வேண்டும். உங்கள் கணக்கு புத்தம் புதியதென்றால், 5 டாலர் அளவுக்குப் பணம் போடும்வரை நண்பராகச் சேர அழைப்பு அனுப்ப விடாது. முதலில் வாலட்டில் பணம் ஏற்றுங்கள், பிறகு சேருங்கள், பிறகு வாங்குங்கள். பிறந்தநாள் தேதி போட்டு, அன்றைக்குப் போய்ச் சேருகிற மாதிரியும் அனுப்பலாம். தள்ளுபடி விற்பனை நடக்கும் நாளாகப் பார்த்து வாங்கினால் பை கனக்காது. டவுன்லோட் 30 ஜிபிக்கு மேல் வரும். எஸ்டேட் இணையத்தில் அதை இறக்க உட்கார்ந்தால் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். லீவில் சேலம் வரும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி உங்கள் வீட்டு வைஃபையில் போட்டால் காலையில் தயார்.

வாங்குமுன் ஒன்றை மட்டும் நைசாகக் கேட்டுவிடுங்கள்: "அந்த டென் ஆட்டத்தைக் கடைசியில முடிச்சியா?" இத்தனை வருடத்தில் போனிலோ வேறெங்கோ முடித்திருந்தால் திட்டம் மாறும்.

முடித்திருந்தால், என் அடுத்த கை 'க்ரோனோ ட்ரிக்கர்' மேல்தான் போகும். 1995-இல் சூப்பர் நிண்டெண்டோ என்ற கேம் பெட்டிக்கு வந்தது. ஃபைனல் ஃபேண்டஸியை உண்டாக்கிய சகாகுச்சியும், டிராகன் குவெஸ்ட்டின் ஹோரியும், ஓவியர் தோரியாமாவும் ஒன்றாக உட்கார்ந்து செய்தது. காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் கதை, டஜனுக்கு மேல் முடிவுகள். இருபத்தைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கடைசிக் குணம்தான் பெரியது. இதுவும் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. அரசியல், துரோகம், நட்பு என்று கனமான கதை பிடிக்குமென்றால் 'சுய்கோடென்' இரண்டு. 108 பேரைத் திரட்டிக் கோட்டை கட்டுவது, மூலம் ஒரு சீனப் பழங்கதை. முதல் இரண்டு பாகமும் 2025 மார்ச்சில் புதுப்பித்து வந்திருக்கின்றன. 'பெர்சோனா' நாலு அருமையான ஆட்டம், ஆனால் அறுபது மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அது உங்கள் நண்பருக்கு ஆகாது.

'ஃபைனல் ஃபேண்டஸி செவன்' வாங்குவதாக இருந்தால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். 1997-இல் மூன்று டிஸ்க்கில் வந்தது ஒன்று. 2020-இல் வந்த 'ரீமேக்' வேறொன்று. ரீமேக், பழைய கதையின் தொடக்கத்தில் வரும் ஒரே நகரத்தை மட்டும் எடுத்து விரித்தது, முடிவு அதில் இல்லை. பழையதென்று நினைத்து ரீமேக்கைக் கொடுத்துவிட்டு, "கதை பாதியில நிக்குதே" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே ஒரு பாதியில் நிற்கிறவருக்கு இன்னொரு பாதி வேண்டாம்.

கேம்பாய் என்ற நிண்டெண்டோவின் கைக்கடக்கமான பெட்டிக்கான பழைய கேட்ரிஜ் பக்கம் மட்டும் போகாதீர்கள். நானே அனுபவித்தது. என் அக்கா பையனுக்கு வெளியூர் வியாபாரி ஒருவரிடம் போக்கிமான் எமரால்டு வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து போன்: "மாமா, சேவ் காணோம்." வாங்கிப் பார்த்தால், ஸ்டிக்கர் மேல் நகத்தால் தடவினால் தட்டுப்பட வேண்டிய, அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் இல்லை. உள்ளே பார்த்தால் பலகையில் நிண்டெண்டோ பெயரும் இல்லை. தொழிலில் இருக்கிற எனக்கே அந்த கதி. எமரால்டின் கூடு ஒளி ஊடுருவும் பச்சையில் இருந்தது என்று வாங்கிவிட்டேன். போலி செய்கிறவனுக்கும் பச்சை பிளாஸ்டிக் கிடைக்கும்தானே.

சரி, கையில் கொடுக்க ஒரு பொருள் வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. மெயிலில் வரும் பரிசை யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. கீபோர்டில் டென் ஆடுவது கொடுமை, ஆகவே மீதிப் பணத்தில் ஒயர் வைத்த கன்ட்ரோலர் ஒன்று வாங்கிச் சுற்றிக் கொடுங்கள். அதைவிட நல்லதாக எனக்கு ஒன்று தோன்றுகிறது. பிஎஸ் டூ கன்ட்ரோலரை யுஎஸ்பியில் செருக ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. அவர் வீட்டில் யாரிடமாவது சொல்லி, பரணில் இருக்கும் அந்தப் பழைய கன்ட்ரோலரை மட்டும் ரகசியமாக எடுத்து வாருங்கள். ஈரத்தில் ரப்பர் பிசுபிசுத்திருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இடது ஸ்டிக்கைச் சுற்றிப் பாருங்கள், பட்டன் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பாருங்கள். வேலை செய்தால் அடாப்டரோடு சேர்த்து அதையே பெட்டியில் வைத்துவிடுங்கள். செய்யாவிட்டால் கடையில் வாங்கியதே போதும்.

பழைய மெமரி கார்டும் அங்கே கிடைத்தால் எடுத்து வைக்கலாம், ஆனால் அதிலிருந்து ஒன்றும் லேப்டாப்புக்கு ஏறாது. அவர் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். முடிவு என்ன என்று நீங்களும் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு அவரிடம் உளறிவிடாதீர்கள்.