தசை பருத்தால் ரத்தக் குழாய்களும் வளருமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு மாதமாக எடைப் பயிற்சி செய்கிறேன். தொடைத் தசை நன்றாகப் பருத்திருக்கிறது. ஆனால் நான்கு மாடி ஏறினால் தொடை எரிந்து கால் கனத்துவிடுகிறது. வளர்ந்த தசைக்கு ஆக்சிஜன் போதவில்லையா? முன்கையில் நரம்புகள் புடைத்துத் தெரிவது ரத்த ஓட்டம் கூடியதன் அடையாளம்தானே?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பேச்சு வழக்கில் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தப் புடைப்புகள் நரம்புகள் அல்ல, தோலுக்கு அடியில் ஓடும் சிரைகள். பயிற்சியின்போது தசை வீங்கி அவற்றை மேலே தள்ளுவதாலும், தோலடிக் கொழுப்பு குறைவதாலும் அவை கண்ணில் படுகின்றன. ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த ரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்கள் என்பதால், அவற்றை வைத்துத் தசைக்குள் நடப்பதைக் கணிக்க முடியாது.

ஆக்சிஜன் கைமாறும் இடம் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். அவை பல இடங்களில் சிவப்பணுவைவிடக் குறுகலானவை. ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணுக்கள் உடலை வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து செல்கின்றன. அங்கிருந்து தசை நாரின் நடுப்பகுதி வரை ஆக்சிஜன் ஊடுருவித்தான் சென்றாக வேண்டும். 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரு நார் 60 ஆகப் பருத்தால், அதன் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. விளிம்பிலிருந்து மையத்துக்கான தொலைவும் 25-இலிருந்து 30 ஆகிறது. சுற்றியுள்ள தந்துகிகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தால், ஒவ்வொன்றும் முன்பைவிடப் பெரிய பரப்புக்கு ஆக்சிஜன் தர வேண்டியிருக்கும்.

நல்லவேளையாக, உடல் அப்படி விட்டுவிடுவதில்லை. போதிய ஆக்சிஜன் உள்ளபோது செல்லுக்குள் எச்ஐஎஃப்-1 என்ற புரதத்தின் முக்கியப் பகுதி உருவான வேகத்திலேயே அழிக்கப்படுகிறது; ஆக்சிஜன் குறைந்தால் அது அழியாமல் தங்கி, ரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கச் செய்கிறது. செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்காகவே வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சுரப்பு வரும் திசையை நோக்கி, தந்துகிச் சுவரின் ஒரு செல் விரல் நீட்டுவதுபோல் முளைவிடுகிறது. பின்னால் உள்ள செல்கள் பெருகித் தண்டாகி, உள்ளே துளை விழுந்து, இன்னொரு முளையோடு சேர்ந்ததும் ரத்தம் பாயத் தொடங்குகிறது. ரத்தம் பாயாத கிளை சுருங்கி மறைந்துவிடும். முளைவிடாமலேயே, வேகமாக ஓடும் ரத்தம் சுவரில் உரசும் தூண்டுதலால் ஒரு தந்துகி நீளவாக்கில் இரண்டாகப் பிரிவதும் உண்டு. இரண்டுக்கும் தேவை, தசை நீண்ட நேரம் இயங்குவது.

எடைப் பயிற்சியிலும் தந்துகிகள் கூடுகின்றன. ஆனால் பெரும்பாலும் நார் பருப்பதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குத்தான். அதனால் உங்கள் தசை ஆக்சிஜனின்றித் தவிக்கிறது என்று நான் கருதவில்லை. அதற்கு நீடித்த உழைப்பு பழகவில்லை, அவ்வளவுதான். ஆண்டர்சன், ஹென்ரிக்சன் இருவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம் எனக் கடுமையாக மிதிவண்டி மிதித்தவர்களின் தொடைத் தசையில் எட்டே வாரங்களில் தந்துகி அடர்த்தி சுமார் 20 சதவீதம் உயர்ந்தது.

ஆகவே எடைப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். வாரம் மூன்று நான்கு நாள், அரை மணி முதல் 40 நிமிடம் வரை, மேட்டில் விரைவாக நடப்பதையோ மிதிவண்டி மிதிப்பதையோ சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகமே போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். இந்த மாற்றம் உழைக்கும் தசையில் மட்டுமே நிகழ்வது என்பதால், காலுக்கு வேண்டியதைக் கால்தான் செய்தாக வேண்டும். பயிற்சியை விட்டால் வந்த பலன் படிப்படியாகக் குறைந்துவிடும். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் விட்டாக வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சமதளத்தில் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி வந்து, நின்றதும் சில நிமிடங்களில் மறைந்து, மறுபடி நடந்தால் திரும்புமானால், கால் தமனி குறுகியிருக்கிறதா என்று மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். தோல் வெளிறி, சிறு வேலைக்கே மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுகினால் பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.