பள்ளிக் கட்டடத்தை விற்கச் சங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறதா?

கேள்வி: மும்பை பாண்டுப்பில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1979-இல் தமிழ்வழிப் பள்ளிக்காகக் கட்டியது. பிள்ளைகள் சேர்க்கை குறைந்துபோனதால் கல்வித் துறை அனுமதியோடு பள்ளியை மூடிவிட்டோம். பூட்டிக் கிடந்த கட்டடத்தை 2022-இல் உறுப்பினர்களிடம் 38 லட்சம் கைமாற்று வாங்கிப் புதுப்பித்தோம். வகுப்பறைச் சுவர்கள் இரண்டை எடுத்தோம், லிஃப்ட் வைத்தோம், மொட்டைமாடியில் இருந்த தகரக் கொட்டகையை அகற்றிவிட்டு கான்கிரீட் கூரையோடு ஒரு ஹால் கட்டினோம். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனம் அலுவலகத்துக்காக 11 கோடிக்குக் கேட்கிறது. நர்சிங் கல்லூரி நடத்தும் ஓர் அறக்கட்டளை 9.25 கோடி தருவதாகச் சொல்கிறது. மென்பொருள் நிறுவனத்திடம் 25 லட்சம் டோக்கன் வாங்கி, மார்ச் 31-க்குள் கிரயம் செய்வதாக எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) எழுதிவிட்டோம். "நீங்கள் டிரஸ்ட் இல்லை, சொசைட்டிதான். பொதுக்குழுத் தீர்மானம் போதும்" என்கிறார் தரகர். அது சரியா? கடனை அடைத்தது போக மீதியை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரலாமா? கமிட்டிக்கு ஏதும் சிக்கல் வருமா, மேடம்?
— சங்கச் செயலாளர், பாண்டுப்

பதில்: செயலாளர் அவர்களுக்கு வணக்கம். 11 கோடியா 9.25 கோடியா என்பதை அப்புறம் பார்க்கலாம். இன்றைய தேதியில் அந்தக் கட்டடத்தை யாருக்கும் விற்க உங்கள் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. தரகர் சொன்னது தவறு. மும்பையில் நம் சங்கங்கள் பலவற்றில் பரம்பரையாக ஓடிவரும் தவறு அது.

சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ அமைந்து, 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சொசைட்டி, மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளையாகவும் கருதப்படும். 1950-ஆம் ஆண்டு மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பழைய பெயர் பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டம். உங்கள் லெட்டர்பேடின் அடியில் இரண்டு பதிவு எண்கள் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்குவது தர்மாதாய ஆயுக்தர், அதாவது சாரிட்டி கமிஷனர் அலுவலகம் தந்த எண். அந்த எண் இருக்கும்வரை "நாங்கள் டிரஸ்ட் இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவுதான் உங்கள் விஷயத்தின் முதுகெலும்பு. அறக்கட்டளையின் அசையாச் சொத்தை விற்பதானாலும், மாற்றிக்கொள்வதானாலும், தானமாகக் கொடுப்பதானாலும் சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். கட்டடத்தை மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் அதே அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் செய்த கிரயம் செல்லாது. குர்லா சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, முத்திரைத்தீர்வையும் கட்டி, சாவியும் கைமாறிவிட்டாலும் செல்லாது. 2017-இல் ஒரு திருத்தம் வந்து, விற்ற பிறகும் அனுமதி கேட்கலாம் என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஆனால் அது அவசரத் தேவை, சந்தை விலைக்குக் குறையாத தொகை, நிர்வாகிகளுக்கு ஆதாயமில்லாமை என்று பல நிபந்தனைகளோடு அசாதாரணச் சூழ்நிலைகளுக்கு மட்டும் வைத்தது. "முதலில் விற்போம், பிறகு அனுமதி வாங்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அனுமதி மனுவில் என்ன எழுத வேண்டும் என்பது இந்தச் சட்டத்துக்கான 1951-ஆம் ஆண்டு விதிகளில் 24-ஆவது விதியில் இருக்கிறது. சங்கத்தின் விதிமுறை விற்பனையைப் பற்றி என்ன சொல்கிறது, விற்க வேண்டிய தேவை என்ன, அது அறக்கட்டளைக்கு எப்படி நன்மை என்பதெல்லாம் வரவேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை இணைக்க வேண்டும். நடைமுறையில் செய்தித்தாள் விளம்பரமும் சீல் வைத்த டெண்டர்களும் எதிர்பார்க்கப்படும். உங்கள் மனுவில் இது எதுவும் இல்லாமல் "தரகர் இவரை அழைத்துவந்தார், நல்ல விலை சொன்னார்" என்று மட்டும் இருந்தால் வொர்லியில் உள்ள சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் முதல் விசாரணையிலேயே கேள்வி வரும். பொது அறநிலையச் சொத்தைத் தனிப் பேரத்தில் விற்பதை உச்ச நீதிமன்றம் 1986-இலேயே கண்டித்து, பொது ஏலத்தின் பக்கம் நின்றிருக்கிறது. விசாரணை நடக்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் கூடுதல் விலையோடு வந்து நிற்பதும் உண்டு. அதைக் கமிஷனர் கேட்கவே செய்வார்.

மனு போடுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? சங்கத்தில் கமிட்டி மாறும்போதெல்லாம் 22-ஆவது பிரிவின்படி 90 நாளைக்குள் 'சேஞ்ச் ரிப்போர்ட்', அதாவது மாற்ற அறிக்கை, கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்திருக்க வேண்டும். பல சங்கங்களில் தேர்தல் முடிந்ததும் மாலை போட்டுக்கொள்வார்கள், ரிப்போர்ட்டை மறந்துவிடுவார்கள். 'ஷெட்யூல் ஒன்று' என்ற பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். அதில் நிர்வாகிகளாக இருப்பவர்களில் பாதிப்பேர் காலமானவர்களாக இருந்தால், வாங்குபவரின் வக்கீல் உங்கள் கையெழுத்தை ஏற்கமாட்டார். அதே பதிவேட்டில் சொத்து வரிசையில் இந்தக் கட்டடம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் நிலம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. கட்டடம் உங்கள் காசு, சரி. நிலத்தை 1979-க்கு முன்னால் விலை கொடுத்து வாங்கினீர்களா, கலெக்டர் பள்ளிக்கென்று ஒதுக்கினாரா? நகர அளவை அலுவலகத்தில் சொத்து அட்டை எடுத்து, 'தாரணாதிகார்' (நில உரிமை வகை) என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நிலவருவாய்ச் சட்டப்படி இரண்டாம் வகுப்பு உரிமை என்று வந்தால், கலெக்டரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அதற்குக் கட்டணமும் உண்டு. அது சில்லறைத் தொகை அல்ல. 'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒதுக்கீட்டு உத்தரவிலேயே இருந்தால் மென்பொருள் நிறுவனத்தோடு பேச்சே இல்லை.

நிலம் முழுக்கச் சங்கத்துடையது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடை மாநகராட்சி. 2034 வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் உங்கள் மனை எதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் 'டிபி ரிமார்க்ஸ்' வாங்குங்கள். ஏற்கெனவே இயங்கிய பள்ளிகளைப் பள்ளி என்றே அந்த வரைபடத்தில் குறித்துவைத்திருக்கிறார்கள். பள்ளியை மூடிவிட்டீர்கள் என்பதால் வரைபடத்தில் இருக்கும் எழுத்து அழிந்துவிடாது. அந்தக் குறிப்பை மாற்ற மாநிலத் திட்டமிடல் சட்டத்தின் 37-ஆவது பிரிவு வழியாகப் போய், கடைசியில் மாநில அரசின் கையெழுத்து வேண்டும். வெறும் குடியிருப்பு மண்டலம் என்று இருந்தால் நிலைமை எளிது. சாலை அகலம் முதலிய நிபந்தனைகளோடு அலுவலகத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் பயன்பாட்டை மாற்றுவதும் அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய காரியம்தான்.

இங்கேதான் 9.25 கோடி எனக்குக் கவர்ச்சியாகத் தெரிகிறது. கல்விக் கட்டடத்தைக் கல்விக்கே வாங்குபவருக்குப் பயன்பாட்டு மாற்றம் என்ற தலைவலி மிகக் குறைவு. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறுவதற்கும் மாநகராட்சியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம். நர்சிங் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகளுக்குத் தனி அளவுகோல்கள் உண்டு, அவை கிடைக்குமா என்பது அவர்கள் தலைவலி. 11 கோடிக்காரர் "அலுவலக அனுமதி கிடைத்தால்தான் மீதிப் பணம்" என்று எம்ஓயுவில் எழுதியிருந்தால், இரண்டு மூன்று வருடம் நீங்கள் சொத்துவரி கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதாகிவிடும். சங்கத்தின் நோக்கம் கல்வி என்றால், அதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்கு விற்பதைக் கமிஷனர் முன் நியாயப்படுத்துவதும் சுலபம். ஆனால் விலை மதிப்பீட்டுக்குக் கீழே போகக் கூடாது. அரசின் ரெடி ரெக்கனர் (வழிகாட்டி) மதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதுப்பித்த வேலைக்கு வருவோம். பூச்சு, பெயின்ட், டைல்ஸ், கழிவறைப் பழுது போன்ற சாதாரணப் பழுதுபார்ப்புக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 342-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. மொட்டைமாடி ஹால் அந்தக் கணக்கில் வராது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கான்கிரீட் கூரை போட்டால் அது புதுக் கட்டுமானம். அனுமதி வாங்கவில்லை என்றால் மாநகராட்சியின் எஸ் வார்டு அலுவலகத்திலிருந்து, அனுமதியில்லாத கட்டுமானத்துக்கான 351-ஆவது பிரிவு நோட்டீஸ் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த மனையில் கட்ட அனுமதிக்கும் பரப்பில் மிச்சம் இருக்கிறதா என்று ஓர் ஆர்க்கிடெக்டிடம் கேட்டு, இருந்தால் அபராதத்தோடு முறைப்படுத்துங்கள். இல்லையென்றால் அந்த ஹாலை இடித்துவிட்டு விற்பதுதான் புத்திசாலித்தனம். சுவர் எடுத்தது தாங்கும் சுவரா இல்லையா என்பதற்குப் பொறியாளரின் சான்று வேண்டும். 30 வருடத்துக்கு மேலான கட்டடத்துக்கு 353பி பிரிவின்படி உறுதித்தன்மைச் சான்றிதழ் எப்படியும் கட்டாயம். உங்கள் கட்டடம் அந்த வயதைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. லிஃப்டுக்கு லைசென்ஸ், தீயணைப்புக் கருவிகள் சரியாக இருக்கின்றன என்று ஜனவரியிலும் ஜூலையிலும் கொடுக்கும் 'பி' படிவம், கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்று மாநகராட்சி தந்த சான்றிதழ் (ஓசி) ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி கேட்கும் முதல் காகிதங்கள் இவைதான்.

38 லட்சம் கைமாற்றுக்கு வருகிறேன். இதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் இதுதான் கமிட்டியைக் கடிக்கக்கூடியது. பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 36ஏ பிரிவின்படி அறக்கட்டளைக்காகக் கடன் வாங்கவும் சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கும் அதுவே பொருந்தும். வாங்கினீர்களா? இல்லை என்றால் மறைக்காதீர்கள். யார் யார் எவ்வளவு தந்தார்கள், எந்தத் தேதியில், வங்கி வழியாகவா ரொக்கமாகவா, எந்த பில்லுக்குச் செலவானது என்று ஆடிட்டரை வைத்துக் கணக்கு எடுத்து, அனுமதி மனுவிலேயே சொல்லிவிடுங்கள். விற்ற பணத்திலிருந்து இந்தக் கடனை அடைப்பதற்கும் உத்தரவில் அனுமதி கேளுங்கள். கமிட்டி உறுப்பினர்களே கடன் கொடுத்தவர்களாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தங்கள் கடனை வசூலிக்கத்தான் சொத்தை விற்கிறார்கள் என்று ஒரே ஒரு அதிருப்தி உறுப்பினர் மனுப் போட்டால் போதும்.

மீதியைப் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். முடியாது. சங்கத்தைக் கலைத்தால்கூட மிச்சச் சொத்து உறுப்பினர்களுக்குப் போகக் கூடாது என்பது 1860 சட்டத்தின் 14-ஆவது பிரிவு. பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் வங்கி வைப்பிலோ முதலீட்டிலோ வைத்துச் சங்கத்தின் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். உதவித்தொகை கொடுங்கள், சின்ன இடமாக வாங்கி நூலகம் நடத்துங்கள், தடை இல்லை. வருமான வரியில் விற்ற தொகையை முழுக்க வேறொரு மூலதனச் சொத்தில் போட்டால் ஆதாயத்துக்கு வரி விலக்கு உண்டு. 1961 சட்டத்தில் அது 11(1ஏ) பிரிவு. புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டதால் எந்தப் பிரிவு என்பதை ஆடிட்டர் சொல்வார். ஆனால் சங்கத்தின் வரிவிலக்குப் பதிவு உயிரோடு இருந்தால்தான் இது கிடைக்கும். 2021-க்குப் பிறகு எல்லாரும் மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் செய்தீர்களா என்று இன்றே கேளுங்கள்.

கடைசியாக அந்த 25 லட்சம். எம்ஓயுவில் "சாரிட்டி கமிஷனரின் அனுமதி கிடைத்தால் மட்டும்" என்ற வாசகம் இருக்கிறதா? இருந்தால் ஒப்பந்தம் அந்த நிபந்தனையோடு நிற்கும். தேதியை மட்டும் திருத்தினால் போதும். இல்லை என்றால் இரண்டு வழி. நிபந்தனையைச் சேர்த்து, மார்ச் 31 என்பதை எடுத்து, அனுமதி மறுக்கப்பட்டால் டோக்கன் வட்டியில்லாமல் திரும்பும் என்று ஒரு துணை ஒப்பந்தம் எழுதுங்கள். அவர்கள் சம்மதிக்கவில்லையா, பணத்தைக் காசோலையாகத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆவது பிரிவும் சொல்கிறது. பிறகு டெண்டரில் அவர்களும் கலந்துகொள்ளட்டும், நர்சிங் அறக்கட்டளையும் கலந்துகொள்ளட்டும். தரகருக்குக் கமிஷன் எவ்வளவு என்பதையும் மனுவில் காட்டுங்கள். உத்தரவு கையில் வரும்வரை அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.